வாஷிங்டனின் காதில் யாருடைய குரல் விழுகிறது?

அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. பிடிக்காதவரை மக்கள் மாற்றிவிடலாம். அப்படியிருந்தும் அங்கே அரசியல் மேல்தட்டுக்கும் சாமானியருக்கும் இடையே பெரும் பிளவு இருப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மைதானா, பணம்தான் அதற்குக் காரணமா என்பது கேள்வி.

பிளவு உண்மைதான். வாஷிங்டனில் இருக்கும் அரசு பெரும்பாலும் சரியானதையே செய்யும் என்று நம்புவதாக 1958-இல் அமெரிக்கர்களில் நான்கில் மூன்று பேர் கருத்துக்கணிப்பில் சொன்னார்கள். வியட்நாம் போரும் வாட்டர்கேட் ஊழலும் சேர்ந்து அந்த எண்ணிக்கையைப் பாதியாக்கின. 2007-க்குப் பிறகு அது 30 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. இந்தக் காலத்தில் இரு கட்சிகளும் மாறி மாறி ஆண்டிருக்கின்றன. எனவே ஒரு கட்சியின் மீதோ ஓர் அதிபரின் மீதோ ஏற்பட்ட கோபம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

பணத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு கை தூக்குகிறார்கள் என்று மட்டும் புரிந்துகொண்டால் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகும். ஆள்பவரின் காதில் நாள்தோறும் யாருடைய பேச்சு விழுகிறது, யாருடைய பேச்சு வாசலோடு நின்றுவிடுகிறது என்பதே இந்தப் பிளவின் அடித்தளம் என்பது என் கருத்து. அதைக் காட்ட மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் நடந்ததை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஃபிளின்ட், 1908-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பிறந்த ஊர். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, ஒரு காலத்தில் ஏறத்தாழ 2 லட்சமாக இருந்த மக்கள்தொகை ஒரு லட்சமாகச் சுருங்கியது. எஞ்சியவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள், பத்தில் நான்கு பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. நகராட்சியின் நிதி நிலை குலைந்ததைக் காரணம் காட்டி, ஆளுநர் 2011-இல் அங்கே ஓர் அவசரகால நிர்வாகியை நியமித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் நகர மன்றமும் பெயரளவில் இருக்க, முடிவெடுக்கும் அதிகாரம் முழுவதும் அந்த நிர்வாகியிடம் போனது. இதற்கு வழி செய்த மாநிலச் சட்டத்தை மிச்சிகன் மக்கள் 2012 நவம்பரில் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அடுத்த மாதமே மாநிலச் சட்டமன்றம் ஏறத்தாழ அதே போன்ற இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. இம்முறை அதில் ஒரு நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்துவிட்டார்கள். நிதி ஒதுக்கும் சட்டத்தைப் பொதுவாக்கெடுப்பால் ரத்து செய்ய முடியாது என்பது அம்மாநில அரசமைப்பின் விதி. மக்கள் வாக்குப்பெட்டியில் சொன்ன ‘வேண்டாம்’ இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை.

2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக, டெட்ராய்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஏரித் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு நகரம் மாற்றப்பட்டது. ஆற்றுநீர் குழாயை அரிக்கும் தன்மை கொண்டது. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் குடிநீரில் கரைந்தது. சில வாரங்களிலேயே நிறம், நாற்றம், தோல் தடிப்பு என்று மக்கள் முறையிடத் தொடங்கினார்கள். பழுப்பு நிறத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்கு வந்து அதிகாரிகளின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்கள். தண்ணீர் பாதுகாப்பானது என்ற பதிலே வந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு புகார் சொன்னது. அந்தத் தண்ணீர் தன் ஆலையில் என்ஜின் பாகங்களை அரிக்கிறது, தனக்கு வேறு தண்ணீர் வேண்டும் என்றது. ஆலை மீண்டும் ஏரித் தண்ணீருக்கு மாறியது. 2015 ஜனவரியில் ஃபிளின்ட்டிலுள்ள மாநில அரசு அலுவலகத்தில் ஊழியர்களுக்காகத் தனியே குடிநீர்க் கலன்கள் வைக்கப்பட்டன. மார்ச் மாதத்தில் நகர மன்றம் டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று 7-க்கு 1 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. அப்போதிருந்த அவசரகால நிர்வாகி அதை ஏற்கவில்லை. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடியிருப்பதை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் எண்களோடு வெளியிட்டபோதும், முதலில் அவருடைய கணக்கைத்தான் அதிகாரிகள் குறை சொன்னார்கள். அக்டோபரில்தான் நகரம் பழைய தண்ணீருக்குத் திரும்பியது. என்ஜினுக்குக் கிடைத்த தீர்வு குழந்தைகளுக்குக் கிடைக்க முழுதாக ஓர் ஆண்டு பிந்தியது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இதில் யாரும் யாருக்கும் கையூட்டு கொடுத்ததாகக் கருதத் தேவையில்லை. ஆளுநரும் சட்டமன்றமும் முறையான தேர்தலில் வந்தவர்கள். ஆலையிலிருந்து வந்த புகாரை நம்பத் தகுந்த தகவலாகவும், வீட்டுப் பெண்கள் கொண்டுவந்த புட்டியை விவரம் தெரியாதவர்களின் கூச்சலாகவும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நிர்வாகத்தில் ஊறியிருந்தது. அமெரிக்காவின் பிளவைப் பற்றிப் பேசும்போது நாம் பேச வேண்டியது இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான்.

அந்தப் பழக்கம் வாஷிங்டனில் எப்படி உருவாகிறது என்பதை ஓர் உறுப்பினரின் அன்றாடத்தைப் பார்த்தாலே புரியும். 2012 தேர்தலில் வென்று பிரதிநிதிகள் சபைக்குப் புதிதாக வந்த ஜனநாயகக் கட்சியினருக்கு, அக்கட்சியின் தேர்தல் குழு ஒரு மாதிரி நாள் அட்டவணையைக் காட்டியது. நன்கொடை கேட்டுத் தொலைபேசியில் பேச 4 மணி நேரம். தொகுதி மக்களைச் சந்திக்க 1 முதல் 2 மணி நேரம். குழுக் கூட்டத்துக்கும் சபைக்குமாகச் சேர்த்து 2 மணி நேரம். குடியரசுக் கட்சியிலும் நிலைமை வேறல்ல. அரசு அலுவலகத்தில் இருந்தபடி நன்கொடை கேட்பதைச் சட்டம் தடுப்பதால், உறுப்பினர்கள் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து சற்றுத் தூரத்தில் இருக்கும் கட்சி அலுவலகத்துக்கு நடந்து போகிறார்கள். அங்கே ஒரு சிறு தடுப்புக்குள் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, பெயர்களும் முன்பு கொடுத்த தொகைகளும் அடங்கிய ஒரு பட்டியல். லட்சக்கணக்கானவர்களின் பிரதிநிதி அங்கே அமர்ந்து, ஆயிரம் இரண்டாயிரம் டாலர் தரக்கூடிய முன்பின் தெரியாதவர்களை ஒவ்வொருவராக அழைக்கிறார்.

ஒருவர் நாள்தோறும் 4 மணி நேரம் யாரோடு பேசுகிறாரோ, அவர்களுடைய கவலைகளே நாட்டின் கவலைகளாக அவருக்குப் படத் தொடங்கும். வரிவிகிதமும் ஒழுங்குமுறை விதிகளும் அவருடைய பேச்சில் இயல்பாக இடம்பிடிக்கும். மணிக்கு 7.25 டாலர் என்ற கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து ஒரு காசுகூட உயரவில்லை என்பது அந்தத் தொலைபேசி உரையாடல்களில் யாரும் எழுப்பாத பேச்சு. அந்தக் கூலியில் வேலை செய்பவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். சாமானிய மக்களைப் பற்றி அமெரிக்கத் தலைவர்கள் சொல்லி, அவர்களுக்குத் தீராத கெட்ட பெயர் வாங்கித் தந்த மூன்று பேச்சுகளும் நன்கொடையாளர் கூட்டத்தில் பேசப்பட்டவை. 2008 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் ஒபாமா, வேலை போன சிற்றூர்க்காரர்கள் மனம் கசந்து துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்றார். 2012 மே மாதம் ஃபுளோரிடாவின் போகா ரடோன் நகரில், அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரான மிட் ராம்னி, மக்களில் 47 சதவீதத்தினர் அரசைச் சார்ந்தே வாழ்பவர்கள் என்றும் அவர்களைப் பற்றிக் கவலைப்படுவது தன் வேலை இல்லை என்றும் சொன்னார். 2016 செப்டம்பரில் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரைக் கேவலமானவர்கள் என்ற கூடைக்குள் போட்டார். மூவரும் அறிவாளிகள், பொதுவாழ்வில் நெடுநாள் இருந்தவர்கள், வெவ்வேறு கொள்கைக்காரர்கள். ஆனால் மூவருமே ஓர் இனத்தைப் பற்றி இன்னொரு இனத்துக்கு விளக்கம் சொல்வது போலப் பேசினார்கள். ராம்னியின் பேச்சு வெளியே வந்ததற்குக் காரணம், அந்த விருந்தில் பானம் பரிமாறிக்கொண்டிருந்த தொழிலாளி தன் கேமராவை மேடைப் பக்கம் திருப்பி வைத்திருந்ததே. அந்த அறையில் அந்த 47 சதவீதத்துக்கு அருகில் நின்றவர் அநேகமாக அவர் மட்டும்தான்.

பணம் நேரடியாகச் சட்டத்தில் கைவைத்த இடங்களும் உண்டு. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருந்துச் செலவைச் சேர்க்கும் சட்டம் 2003 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. வழக்கமாக 15 நிமிடத்தில் முடிய வேண்டிய வாக்கெடுப்பு விடியற்காலை 3 மணியளவில் தொடங்கி, போதிய வாக்கு சேரும்வரை ஏறத்தாழ 3 மணி நேரம் இழுக்கப்பட்டு, 220-க்கு 215 என்று முடிந்தது. கோடிக்கணக்கான முதியோருக்காக மருந்து வாங்கும் அரசு, நிறுவனங்களோடு விலை பேசக் கூடாது என்று அந்தச் சட்டமே தடை விதித்தது. அதை உருவாக்குவதில் முன்னின்ற குழுத் தலைவர் பில்லி டாசின், 2005 தொடக்கத்தில் காங்கிரஸை விட்டு வெளியேறி மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்கே தலைவரானார். விலை பேசும் உரிமை வேண்டும் என்பதில் இரு கட்சி வாக்காளர்களிலும் பெரும்பான்மையினர் ஒத்த கருத்துடையவர்கள். அந்தத் தடை 2022-இல்தான், அதுவும் சில மருந்துகளுக்கு மட்டும், நீங்கியது. முதல் 10 மருந்துகளுக்குப் பேசி முடித்த விலை நடைமுறைக்கு வரும் ஆண்டு 2026. மக்கள் பெரும்பான்மை விரும்பிய ஒரு மாற்றத்துக்கு ஆன காலம் 23 ஆண்டுகள்.

அரசியல் அறிஞர்கள் மார்ட்டின் கிலன்ஸும் பெஞ்சமின் பேஜும் 2014-இல் வெளியிட்ட ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். 1981 முதல் 2002 வரையிலான 1,779 கொள்கைக் கேள்விகளை எடுத்துப் பார்த்து, வசதி படைத்தவர்களும் தொழில் அமைப்புகளும் விரும்புவதோடு ஒப்பிட்டால் நடுத்தரக் குடிமகனின் விருப்பத்துக்குத் தனித்த செல்வாக்கு ஏறத்தாழ இல்லை என்று அவர்கள் கண்டார்கள். இதை வைத்து அமெரிக்காவில் மக்களாட்சியே இல்லை என்று சொல்லிவிடுவது அவசரம். அதே தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 90 சதவீதக் கேள்விகளில் நடுத்தரத்தினரும் வசதி படைத்தவர்களும் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள் என்று சுட்டிக்காட்டினார்கள். அது நியாயமான திருத்தம். ஆனாலும் மீதியுள்ள இடங்களில்தான் கூலி, வரி, வணிக ஒப்பந்தம், மருந்து விலை போன்றவை வருகின்றன. ஒரு குடும்பத்தின் மாத வரவுசெலவைத் தீர்மானிப்பவை அவையே.

பணம் இருந்தால் எதையும் வாங்கிவிடலாம் என்பதும் சரியல்ல. 2020-இல் பெரும் கோடீசுவரரான மைக்கேல் புளூம்பெர்க் அதிபர் வேட்பாளராகும் முயற்சியில் தன் சொந்தப் பணத்தில் சுமார் 100 கோடி டாலர் செலவழித்து, அமெரிக்கன் சமோவா என்ற சிறு தீவுப் பகுதியில் மட்டும் வென்றார். வாக்காளரை வாங்குவது கடினம். வென்றவரின் கவனத்தைப் பெறுவதுதான் எளிது. 2010-இல் ‘சிட்டிசன்ஸ் யுனைட்டட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், நிறுவனங்களும் சங்கங்களும் வேட்பாளரைச் சாராமல் தனியே செய்யும் தேர்தல் செலவுக்குத் தடை விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கீழ் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் சேர, தேர்தலில் செலவழிக்கப் பணம் திரட்டும் ‘சூப்பர் பேக்’ எனப்படும் அமைப்புகளுக்கு வரம்பில்லாமல் நன்கொடை தர வழி பிறந்தது. 2024 தேர்தலில் ஈலான் மஸ்க் ஒருவர் மட்டும் 25 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார். கோடீசுவரர்கள் இரு கட்சிகளின் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பணத்தோடு தொடர்பில்லாத ஒரு காரணமும் உண்டு. அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். 1787-இல் பிலடெல்பியாவில் அரசமைப்பை எழுதி முடிக்கும் கடைசி நாளன்று, 40,000 பேருக்கு ஒரு பிரதிநிதிக்கு மேல் இருக்கக் கூடாது என்றிருந்ததை 30,000 பேருக்கு ஒருவர் என்று மாற்றக் கோரி ஒருவர் பேச, அதுவரை விவாதங்களில் தன் கருத்தைச் சொல்லாமல் தலைமை மட்டும் தாங்கியிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் எழுந்து அதை ஆதரித்தார். பிரதிநிதி மக்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டது. அதன் பின் மக்கள்தொகை பெருகப் பெருகச் சபையும் வளர்ந்தது. 1911-இல் வந்த சட்டத்தால் உறுப்பினர் எண்ணிக்கை 435 ஆகி, 1929-இல் வந்த சட்டத்தால் அங்கேயே நிலைத்துவிட்டது. 1910-இல் 9.2 கோடியாக இருந்த மக்கள்தொகை 2020-இல் 33 கோடியைத் தாண்டிவிட்டது. இன்று ஓர் உறுப்பினருக்கு சராசரியாக 7.6 லட்சம் பேர். இத்தனை பேரை ஒருவர் முகம் பார்த்து அறிய முடியாது. அவர்களை எட்ட விளம்பரம் வேண்டும், விளம்பரத்துக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு மறுபடி அந்தத் தொலைபேசி வேண்டும்.

சபையில் அமர்பவர்கள் யார் என்பதும் இதோடு சேர்ந்தது. அமெரிக்காவில் 25 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஆறு பேருக்குப் பட்டப் படிப்பு இல்லை. காங்கிரஸில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. உடலுழைப்பு, சேவைப் பணி, அலுவலக எழுத்தர் வேலை ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டு வந்தவர்கள் அங்கே 2 சதவீதம் அளவில்தான் இருந்திருக்கிறார்கள் என்று அரசியல் அறிஞர் நிக்கலஸ் கார்ன்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் பத்து லட்சம் டாலருக்கு மேல் சொத்துடையவர்கள் என்பது 2014-இல் முதன்முறையாகத் தெரியவந்தது. இவர்கள் தீயவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆலை மூடப்படுவதை அறிக்கையில் படிப்பவருக்கும், தந்தை வேலையை இழந்து வீட்டுக்குத் திரும்பிய நாளை நினைவில் வைத்திருப்பவருக்கும் அவசரம் ஒன்றாக இருக்காது.

வணிக ஒப்பந்தங்களில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. மெக்சிகோ, கனடா நாடுகளோடு செய்துகொண்ட நாஃப்டா ஒப்பந்தத்தைக் குடியரசுக் கட்சி அதிபர் பேசி முடித்தார், ஜனநாயகக் கட்சி அதிபர் சட்டமாக்கினார். 1994-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2000-இல் சீனாவுக்கு நிரந்தர வணிக உறவு தரும் சட்டமும் இரு கட்சி வாக்குகளோடு நிறைவேறியது. நாட்டுக்கு மொத்தத்தில் லாபம் என்ற பொருளியலாளர்களின் கணக்கு பொய்யல்ல. ஆனால் 2000-இல் சுமார் 1.7 கோடியாக இருந்த உற்பத்தித் துறை வேலைகள் 2010-இல் 1.15 கோடியாகக் குறைந்தன. இயந்திரமயமும் 2008 பொருளாதாரச் சரிவும் அதில் சேர்ந்தவைதான் என்றாலும், ஒரே ஆலையை நம்பியிருந்த ஊர்களில் இறக்குமதியின் அடி ஆழமாக விழுந்தது. லாபம் நாடெங்கும் மலிவு விலையாகப் பரவியது, நட்டம் சில ஊர்களின் தலையில் இறங்கியது. அந்த ஊர்களுக்கு ஈடு செய்வோம் என்ற வாக்குறுதி பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. 2008-இல் வங்கிகளைக் காக்க 70,000 கோடி டாலர் திட்டம் வந்தபோது, மக்களின் எதிர்ப்பு வெள்ளமாக வந்து செப்டம்பர் 29 அன்று பிரதிநிதிகள் சபை அதை 228-க்கு 205 என்று தோற்கடித்தது. அன்றே பங்குச் சந்தைக் குறியீடு 777 புள்ளிகள் விழுந்தது. நான்கே நாட்களில் அதே சபை அதே திட்டத்தின் திருத்திய வடிவத்தை நிறைவேற்றியது. வங்கிகளைக் காத்திருக்காவிட்டால் சரிவு இன்னும் கொடியதாக இருந்திருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் வங்கிகளுக்கு நான்கு நாளில் வந்த உதவி, கடன் கட்ட முடியாமல் வீட்டை இழந்த குடும்பங்களுக்கு அந்த வேகத்தில் வரவில்லை.

1992-இல் எக்கட்சியையும் சேராத ராஸ் பெரோ ஏறத்தாழ 19 சதவீத வாக்கு வாங்கியதும், 2009-இல் அரசின் வரியையும் செலவையும் எதிர்த்த டீ பார்ட்டி இயக்கமும் 2011-இல் பெருநிதி நிறுவனங்களை எதிர்த்த வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டமும் எழுந்ததும், 2016-இல் ஜனநாயகக் கட்சியில் பெர்னி சாண்டர்ஸும் குடியரசுக் கட்சியில் டிரம்ப்பும் தத்தம் கட்சித் தலைமையை எதிர்த்துக் கூட்டம் சேர்த்ததும் இந்தக் கோபத்தின் வெவ்வேறு முகங்கள். கோபத்தின் பேரில் வென்றவர் ஆட்சிக்கு வந்ததால் மட்டும் அமைப்பு மாறிவிடுவதில்லை. 2017-இல் டிரம்ப் ஆட்சி கொண்டுவந்த வரிச் சட்டத்தின் நடுநாயகம், நிறுவன வரியை 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைத்தது.

மக்கள் நேரடியாகச் சட்டம் இயற்றக்கூடிய மாநிலங்களில் வேறொரு காட்சி தெரிகிறது. 2020-இல் ஃபுளோரிடா டிரம்ப்பைத் தேர்ந்தெடுத்தது. அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக 15 டாலராக்கும் திருத்தத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவளித்தது. கட்சிகள் பிரித்து வைத்திருக்கும் மக்கள் கூலி என்று வரும்போது ஒன்றுசேர்கிறார்கள். ஆனால் இதற்கும் பாதுகாப்பு இல்லை. மிசௌரி மாநில வாக்காளர்கள் 2024-இல் ஊதியத்தோடு கூடிய நோய்விடுப்பை வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். அடுத்த ஆண்டே சட்டமன்றம் அதை ரத்து செய்தது. மிச்சிகனில் 2012-இல் நடந்ததன் சாயல் இதில் அப்படியே இருக்கிறது.

தேர்தல் இருந்தும் ஏன் இந்த நிலை என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாள் பேசும் வாக்காளரின் குரல், மீதி நாட்களெல்லாம் பேசிக்கொண்டிருப்பவர்களின் குரலுக்கு அடியில் அமுங்கிவிடுகிறது. ஃபிளின்ட் மக்கள் கடைசியில் நீதிமன்றத்தின் வழியாகவே பேச வேண்டியிருந்தது. ஈயக் குழாய்களைத் தோண்டி மாற்ற 2017-இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2020-க்குள் முடிக்க வேண்டிய வேலை தள்ளித் தள்ளிப் போய், ஏறத்தாழ 11,000 குழாய்கள் மாற்றப்பட்டுவிட்டன என்று 2025 ஜூலையில் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. தண்ணீர் மாற்றப்பட்ட மாதத்தில் அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 11.